தனிச்சாவி கணினியைத் தாண்டக் கூடாது

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் நிறுவனத்தின் நிரல் களஞ்சியத்தைத் தன் மடிக்கணினியில் இறக்கப் பார்க்கிறார். அனுமதி இல்லை என்று திரையில் வருகிறது. பக்கத்து மேசையிலிருந்து மூத்தவர் உதவிக்கு வருகிறார்: "தம்பி, வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறேன். அதை எடுத்து எஸ்எஸ்எச் ஃபோல்டரில் போட்டுக்கொள், சரியாகிவிடும்." அந்த ஃபைல் அவருடைய எஸ்எஸ்எச் சாவி. வேறொரு கணினியோடு பாதுகாப்பாக இணையும் முறைதான் எஸ்எஸ்எச், உள்ளே நுழைய அனுமதி வாங்கித் தரும் ஃபைல்தான் சாவி. அதைப் போட்டதும் உடனே சரியாகியும் விடுகிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் இத்தனை அலுவலகங்களில் வேர்விட்டிருக்கிறது.

சிறு மென்பொருள் நிறுவனங்களின் சர்வர்களையும் களஞ்சியங்களையும் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். எந்த நிறுவனத்துக்குள் நுழைந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தக் களஞ்சியத்துக்குள் வரக்கூடிய ஒவ்வொரு சாவியும் யாருடையது? பெரும்பாலும் மௌனம்தான் பதில். ஒரே சாவியை ஐந்தாறு பேர் வைத்திருப்பார்கள். அவர்களில் இருவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

அந்த மூத்தவர் அனுப்பிய ஃபைலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எஸ்எஸ்எச் சாவியை உருவாக்கும்போது இரண்டு ஃபைல்கள் பிறக்கின்றன. 'பப்' என்று பெயர் முடிவது பொதுச்சாவி. திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி. அதன் கடைசியில் பெரும்பாலும் உங்கள் பெயரும் கணினியின் பெயரும் இருக்கும். அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், மின்னஞ்சலில் ஒட்டலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மற்றது தனிச்சாவி. அந்த மூத்தவர் அனுப்பியது இதைத்தான். பல வரிகள் கொண்டது. முதல் வரியிலேயே 'பிரைவேட் கீ' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். நீங்கள் களஞ்சியத்தைத் தொடர்புகொள்ளும்போது அந்தத் தனிச்சாவி சர்வருக்குப் போவதே இல்லை. உங்கள் கணினி அதைக் கொண்டு ஒரு கையொப்பம் இடுகிறது. சர்வர் தன்னிடம் இருக்கும் பொதுச்சாவியை வைத்து அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. சர்வருக்கே கொடுக்கத் தேவையில்லாத ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

இதில் என்னை மிகவும் வருத்துவது அடுத்து நடப்பது. வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கிய ஃபைல், லினக்ஸிலும் மேக்கிலும், கணினியின் மற்றப் பயனர்களும் படிக்கக்கூடிய அனுமதியோடு வந்து உட்காரும். எஸ்எஸ்எச் அதை ஏற்காது. 'பாதுகாப்பற்ற தனிச்சாவி' என்று கட்டம் கட்டி எச்சரித்துவிட்டு, அந்தச் சாவியைப் புறக்கணிக்கும். அந்தக் கருவியை எழுதியவர்கள் நமக்காக யோசித்து வைத்த தடுப்பு அது. ஆனால் அந்த இளைஞருக்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம்? ஃபைலின் அனுமதியை 600, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் என்று மாற்றினால் எச்சரிக்கை போய்விடும் என்று. எச்சரிக்கை ஏன் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. தொழிலில் முதல் நாளிலேயே எச்சரிக்கையை வாயடைக்கப் பழகிய பிள்ளை, அடுத்த எச்சரிக்கையை மட்டும் மதிக்குமா?

முறையான வழி ஐந்து நிமிட வேலை. புதிதாக வருபவர் தன் கணினியில் தானே சாவியை உருவாக்கட்டும். 'எட்25519' என்ற சாவி வகை போதும். அந்தச் சாவியைத் திறக்க, கடவுச்சொல் போன்ற ஒரு கடவுத்தொடரையும் வைக்கட்டும். மடிக்கணினி பஸ்ஸில் தொலைந்துபோனால் அந்தத் தொடர்தான் நேரம் வாங்கித் தரும். பிறகு பொதுச்சாவியை, களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்ஹப் போன்ற சேவையில் உள்ள தன் கணக்கில் தானே சேர்க்கட்டும். நிறுவனம் செய்ய வேண்டியது, அந்தக் கணக்குக்குத் தேவையான களஞ்சியத்தில் தேவையான அளவு அனுமதி கொடுப்பது மட்டுமே. கிட்ஹப்பில் படிக்க மட்டும், எழுத, நிர்வகிக்க என்று அனுமதியில் படிநிலைகள் இருக்கின்றன. எல்லாரையும் நிர்வாகியாக்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் இடங்களில், அந்தப் 'பிறகு' வந்து நான் பார்த்ததில்லை.

முதல் முறை இணையும்போது இன்னொரு கேள்வி வரும். சர்வரின் கைரேகையை, அதாவது அதன் சாவியை அடையாளம் காட்டும் சிறு எழுத்துத் தொடரைக் காட்டி, இதை நம்புகிறீர்களா என்று கேட்கும். யோசிக்காமல் எல்லாரும் 'யெஸ்' அடிக்கிறோம். கிட்ஹப் தன் கைரேகைகளைத் தன் உதவிப் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன்னுடைய ஆர்எஸ்ஏ வகைச் சர்வர் சாவியையே மாற்றியது. அதன் தனிச்சாவி எவரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டுக் கிடந்ததுதான் காரணம். அந்தச் சாவியை நம்பி இணைந்துகொண்டிருந்தவர்களுக்கு, சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தது. இத்தகைய நாளில் கைரேகையை ஒப்பிடத் தெரிந்தவர் நிம்மதியாக இருப்பார்.

எஸ்எஸ்எச் வேண்டாம், இணையதளங்களைத் திறக்கப் பயன்படும் எச்டிடிபிஎஸ் வழியே போகிறோம் என்பவர்களுக்கும் இதே கதைதான். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் இந்த வழியில் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கணக்கிலிருந்து எடுக்கும் டோக்கன் என்ற நீண்ட குறியீடு வேண்டும். நல்ல மாற்றம். ஆனால் பலர் அந்த டோக்கனைக் களஞ்சியத்தின் முகவரிக்குள்ளேயே ஒட்டிவிடுகிறார்கள். அது, களஞ்சியங்களை நிர்வகிக்கும் கருவியான கிட்டின் ஃபோல்டரில் உள்ள கன்ஃபிக் என்ற அமைப்பு ஃபைலில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே இணைய சர்வரில் ஏற்றி, வெளியார் படிக்க முடியாதபடி தடுக்காமலும் விட்டால், உலாவி வைத்திருக்கும் எவரும் டோக்கனை எடுத்துக்கொள்ளலாம். டோக்கன் எடுக்கும்போதே ஒரே களஞ்சியத்துக்கு, காலாவதி நாளோடு எடுங்கள். முகவரியில் ஒட்டாமல், கிட்டின் கடவுச்சொல் காப்பகத்தில் வையுங்கள்.

எங்கள் களஞ்சியம் வெளியார் பார்க்க முடியாத தனியார் களஞ்சியம்தானே என்பார்கள். ஊபர் நிறுவனத்தின் களஞ்சியமும் அப்படித்தான் இருந்தது. 2016-இல் உள்ளே புகுந்தவர்கள், அங்கே நிரலில் எழுதிவைத்திருந்த அமேசான் கிளவுட் சேவையின் சாவியைக் கண்டெடுத்து, உலகெங்கும் 5.7 கோடிப் பயனர்கள், ஓட்டுநர்களின் தகவல்களை அள்ளினார்கள். பொறியாளர்கள் தங்கள் சொந்தக் கிட்ஹப் கணக்குகள் வழியாகவே அங்கே போய்வந்தார்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாக இல்லை. வேறெங்கோ கசிந்த கடவுச்சொல்லை இங்கும் வைத்திருந்தவர் ஒருவர் இருந்தாலே போதும். ஆகவே, இரட்டைச் சரிபார்ப்பை யாருடைய விருப்பத்துக்கும் விடாதீர்கள். நிறுவனக் கணக்கின் அமைப்பிலேயே கட்டாயமாக்கலாம்.

ஒரே கணக்கை எல்லாரும் பகிர்ந்து வைத்திருப்பவர்கள் சொல்லும் சமாதானம் வேறு: "கமிட்டில் பெயர் இருக்கிறதே, யார் செய்தார்கள் என்று தெரிந்துவிடுமே?" தெரியாது. கமிட் என்பது நிரலில் செய்த மாற்றத்தின் பதிவு, கிட்டில் அதற்கான பெயரையும் மின்னஞ்சலையும் அவரவரே எழுதிக்கொள்கிறோம். என் கணினியில் உட்கார்ந்து உங்கள் பெயரில் நான் கமிட் போட முடியும். 2021 மார்ச் 28 அன்று, எண்ணற்ற இணையதளங்களை இயக்கும் பிஎச்பி மொழியின் மூல நிரலில் இரண்டு விஷமக் கமிட்டுகள் நுழைந்தன. ஒன்று அந்த மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் பெயரில், மற்றது முக்கியப் பங்களிப்பாளர் நிகிதா பாபோவ் பெயரில். எழுத்துப்பிழையைத் திருத்தியதாகக் குறிப்பு. உள்ளே இருந்ததோ, வெளியிலிருந்து நிரலை இயக்க வழிசெய்யும் பொறி. கமிட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் பட்டதால் அது வெளியீட்டை எட்டாமல் நின்றது.

அதற்குப் பிறகு வந்த விளக்கம்தான் எனக்குப் பாடம். அவர்களுடைய கிட் சர்வருக்குள் போக எஸ்எஸ்எச் சாவி வழி இருந்தது. கூடவே கடவுச்சொல்லைக் கேட்கும் எச்டிடிபிஎஸ் வழியும் திறந்திருந்தது. அந்தக் கமிட்டுகள் வந்தது இரண்டாவது வழியில். வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு, கொல்லைக்கு வெறும் தாழ்ப்பாள். பிஎச்பி குழு தன் சர்வரைக் கைவிட்டுக் கிட்ஹப்புக்கு மாறியது. பங்களிப்பாளர்கள் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. உங்கள் நிறுவனம் சொந்தமாகக் கிட் சர்வர் நடத்துகிறது என்றால், சாவி தவிர வேறு எந்த வழியில் உள்ளே வர முடியும் என்று இந்த வாரமே பாருங்கள். யாரும் பயன்படுத்தாத வழி இருந்தால் மூடுங்கள்.

மெயின் பிராஞ்சில், அதாவது நிரலின் முதன்மைக் கிளையில், யாரும் தங்கள் மாற்றங்களை நேரடியாகப் புஷ் செய்ய, அதாவது அனுப்பிச் சேர்க்க, முடியாதபடி பூட்டுவதும், இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே சேர்ப்பதும் அதே அளவு முக்கியம்.

ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் நடப்பதைக் கவனியுங்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொள்கிறோம், மடிக்கணினியை எண்ணி வாங்குகிறோம், கணக்குத் தீர்க்கிறோம். களஞ்சியத்தை யாரும் நினைப்பதில்லை. ஆளுக்கொரு சாவி என்றிருந்தால், நிறுவனத்திலிருந்து அவர் கணக்கை நீக்கினாலே பெரும்பகுதி முடிந்துவிடும். மற்றவர்கள் வேலை ஒரு நொடிகூடத் தடைபடாது. எல்லாரும் பகிரும் ஒரே சாவியாக இருந்தால் எல்லாருடைய கணினியிலும் சர்வரிலும் மாற்ற வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்தே மாற்றாமல் விடுகிறார்கள்.

கணக்கை நீக்கியும் மிஞ்சுவது ஒன்று உண்டு. சர்வர் தானாக நிரலை இறக்கிக்கொள்வதற்காகக் களஞ்சியத்தில் சேர்க்கும் டிப்ளாய் சாவி. அது ஆளோடு ஒட்டியதல்ல, களஞ்சியத்தோடு ஒட்டியது. சேர்த்தவரை நீக்கினாலும் அது உயிரோடு இருக்கும். அதனால் டிப்ளாய் சாவிக்கு எழுதும் அனுமதி கொடுக்காதீர்கள். படிக்க மட்டும் போதும். 'டெஸ்ட்', 'நியூ கீ' என்றெல்லாம் பெயர் வைக்காமல், எந்த சர்வருக்காக, யார், எந்தத் தேதியில் சேர்த்தார் என்று பெயரிலேயே எழுதுங்கள். களஞ்சியத்தின் அமைப்புகளில் இந்தச் சாவிகளுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்து, எந்தச் சர்வருக்கு என்று உங்கள் குழுவில் ஒருவராலும் சொல்ல முடியாத சாவி இருந்தால் இன்றே நீக்குங்கள். எங்காவது ஒரு சர்வர் நின்றுபோனால், அது எந்தச் சர்வர் என்பது அப்போது தெரிந்துவிடும்.