சார் சொன்னார், செய்தேன்: பதினைந்து பதினைந்தாக ஏறும் கீழ்ப்படிதல்

பெங்களூர் பீன்யாவில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறரை மணி. வாசலில் லாரி நிற்கிறது, தரச் சோதனை முடியவில்லை. மேலாளர் வந்து தோளில் கை வைக்கிறார். "தம்பி, ரிப்போர்ட்ல இன்னைக்குத் தேதி போட்டு சைன் பண்ணிடு. சாம்பிளை எடுத்து வெச்சுக்கோ, காலைல டெஸ்ட் பண்ணிக்கலாம். லோடு போயே ஆகணும்." சொல்பவர் நம் ஊர்க்காரர், வேலை வாங்கிக் கொடுத்தவர். தம்பி கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

மூன்று மாதம் போனால் காலைச் சோதனையும் நின்றுவிடும். எண்களை மட்டும் நிரப்பிக்கொண்டிருப்பார். அப்போது மறுக்க நினைத்தால், "இத்தனை நாள் போட்டியே, இன்னைக்கு என்ன?" என்ற கேள்வி வரும். அதற்கு அவரிடம் பதில் இருக்காது.

எங்களிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகுதான் வருகிறார்கள். தூக்கம் போயிருக்கும். "எனக்குத் தைரியம் பத்தலை" என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். தைரியத்தைவிடப் பெரிய வேலையைச் செய்வது சூழல் என்பதை அறுபது ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதைத் தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் நிற்க முடியும் என்பதும் தெரியும்.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் ஆய்வு பலருக்கும் பெயரளவில் தெரியும். அந்தக் கருவியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வரிசையாக 30 சுவிட்சுகள். முதலாவது 15 வோல்ட், அடுத்தது 30, அதற்கடுத்தது 45. கடைசி 450. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம், அவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்க ஒரு சுவிட்ச் மேலே போக வேண்டும். உண்மையில் மின்சாரம் போகவில்லை என்பது அழுத்துகிறவருக்குச் சொல்லப்படவில்லை. 1963-ல் வெளியான முடிவில், 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போயிருந்தார்கள்.

எடுத்த எடுப்பில் யாரையும் 450-ஐ அழுத்தச் சொல்லவில்லை. 285-ஐ அழுத்திய கைக்கு 300 பெரிய தூரம் இல்லை. அதோடு, 300-ஐ மறுத்தால் 285-ஐ ஏன் அழுத்தினோம் என்று தனக்குத்தானே பதில் சொல்ல வேண்டும். அந்தக் கூச்சம்தான் ஆளை மேலே தள்ளுகிறது. குரல் கேட்கும்படி வைத்த சோதனைகளில், 150 வோல்ட்டில் அந்த மனிதர் முதல்முறையாக "என்னை வெளியே விடுங்கள்" என்பார். நிறுத்தியவர்களில் அதிகம் பேர் நிறுத்தியது அங்கேதான். அதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை போனார்கள்.

சூழலை மாற்றியதும் எண்ணிக்கை சரிந்தது. உத்தரவு போடும் ஆய்வாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் சொன்னபோது, முழுக்கக் கீழ்ப்படிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். கூட உட்கார்ந்திருந்த இருவர் "நாங்கள் செய்யமாட்டோம்" என்று எழுந்தபோது, 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசிவரை போனார்கள். தூரமும் துணையும் அத்தனை வேலை செய்கின்றன.

இன்னொன்று எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தயங்கியவர்களிடம் சொல்ல நான்கு வாக்கியங்கள் வைத்திருந்தார்கள். இரண்டாவது, "இந்த ஆய்வுக்கு நீங்கள் தொடர்வது அவசியம்". நான்காவது, "உங்களுக்கு வேறு வழியே இல்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்". பின்னாளில் உளவியலாளர் ஜெர்ரி பர்கர் நடத்திய மறுசோதனையில், நான்காவதைக் கேட்ட பிறகு ஒருவர்கூடத் தொடரவில்லை. அப்பட்டமான உத்தரவு மனிதனை முறுக்கிக்கொள்ள வைக்கிறது. நல்ல காரியத்துக்காக என்று கேட்டால் இளகிவிடுகிறான். அதனால் அலுவலகத்தில் "செய்டா" என்கிறவரைவிட "டீமுக்காக இந்த ஒருமுறை" என்கிறவரிடம்தான் நிதானம் அதிகம் வேண்டும்.

செவிலியர்கள் கவனிக்க: 1966-ல் வெளியான ஓர் ஆய்வில், முகம் தெரியாத மருத்துவர் தொலைபேசியில் சொன்னபடி, உச்ச அளவைப்போல் இரண்டு மடங்கு மருந்தைக் கொடுக்க 22 பேரில் 21 பேர் கிளம்பினார்கள். 1977-ல் பழக்கமான மருந்தை வைத்து, சக ஊழியரிடம் கேட்கவும் வழிவிட்டுச் செய்தபோது, 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் "அக்கா, இந்த டோஸ் சரியா?" என்று கேட்பது அவ்வளவு பெரிய பாதுகாப்பு.

தவறானதைச் செய்யச் சொல்லியிருந்தால் நாம் புகார் செய்திருப்போம் என்று நினைக்கிறோம் இல்லையா? 2012-ல் ஆம்ஸ்டர்டாமில் இருந்து வெளியான ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் 64.5 சதவீதம் பேர் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் அந்தச் சூழலில் வைக்கப்பட்ட 149 பேரில் புகார் எழுதியவர்கள் 9.4 சதவீதம். 76.5 சதவீதம் பேர் சொன்னதைச் செய்தார்கள்.

ஆகவே முதல் 15 வோல்ட்டிலேயே சொல்வதற்கு ஒரு வாக்கியம் கைவசம் இருக்க வேண்டும். தனியாக நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "சார், சாம்பிள் இன்னும் டெஸ்ட் ஆகலை. 'டெஸ்ட் பெண்டிங்'னு எழுதி அனுப்பட்டுமா? இல்லேன்னா நீங்களே ஒரு மெயில் போட்டுடுங்க." இதில் மரியாதைக் குறைவு இல்லை, அவருக்கும் ஒரு வழி இருக்கிறது. எழுத்தில் கேட்டதும் பல உத்தரவுகள் தானாகப் பின்வாங்கிவிடும். அவர் நேரில் நின்றால், "பத்து நிமிஷத்துல வர்றேன் சார்" என்று இடத்தை விட்டு நகருங்கள். தொலைபேசிச் சோதனை சொல்வது இதைத்தான்.

ஏற்கெனவே ஏறிவிட்டவர்கள், பக்க எண் அச்சிட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, நேரம், இடம், யார், சொன்ன வார்த்தை அப்படியே, உடன் இருந்தவர் யார் என்று அன்றன்றே எழுதுங்கள். "திருடன்", "அயோக்கியன்" வேண்டாம், கண்டதும் கேட்டதும் போதும். பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். கோபத்தில் அலுவலகக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு பேச்சு முறைகேட்டிலிருந்து விலகி, தகவல் திருட்டுக்குப் போய்விடும். கோப்பின் பெயர், பில் எண், தேதி ஆகியவற்றைக் குறித்துவைத்தால் விசாரிப்பவர் அங்கிருந்தே எடுத்துக்கொள்வார்.

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-வது பிரிவுப்படி புகார் வழிமுறை இருந்தே ஆக வேண்டும். தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகலாம். இணையதளத்தில் 'விஜில் மெக்கானிசம்' என்று தேடிப் பாருங்கள்.

மத்திய அரசு, பொதுத்துறை சார்ந்தது என்றால், டெல்லியிலுள்ள மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சத்யேந்திர துபே என்ற நெடுஞ்சாலைப் பொறியாளர், தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டு, முறைகேடு பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரோடு கடிதம் கை மாறியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பிறகு 2004-ல் வந்ததுதான் 'பிஐடிபிஐ' (PIDPI) என்ற இந்த ஏற்பாடு, பொதுநலனுக்காகத் தகவல் தருவோரைக் காப்பதற்கானது. உறையை நன்றாக ஒட்டி, மேலே 'PIDPI' புகார் என்று எழுதி, ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் உறையின் மேல் வரக்கூடாது, உள்ளே இருக்கும் கடிதத்தில் கட்டாயம் வேண்டும். மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ளமாட்டார்கள். புகார் கொடுப்போரைக் காக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியும் இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். ஒரு வழக்கறிஞரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பதிலடி பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். மீட்டிங்குக்கு அழைக்கமாட்டார்கள், ரேட்டிங் குறையும், ஷிஃப்ட் மாறும். இதுவரை வந்த உங்கள் மதிப்பீடுகளின் விவரத்தை முன்பே குறித்துவையுங்கள். வீட்டு வாடகை, இஎம்ஐ, பள்ளிக் கட்டணம் எல்லாம் கூட்டி, வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று தாளில் போட்டுப் பாருங்கள். தலைக்குள் சுற்றும் பயத்தைவிடத் தாளில் இருக்கும் தொகை சிறியதாக இருப்பதுண்டு. பெரியதாக இருந்தால், பணம் சேரும்வரை குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டிருப்பதும் சரியான முடிவே. வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். இரவு தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.