பிரசவத்துக்குப் போனவர் வேலையை விட்டவர் அல்ல

சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்த பெண் ஒருவர், கைக்குழந்தையோடு வந்து செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். "சொந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்" என்று எழுதிய தாள். கையெழுத்து அவருடையதுதான். ஏழாம் மாதம் லீவு கேட்கப் போனபோது, "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா, குழந்தை பிறந்ததும் வா, பார்த்துக்கலாம்" என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். திரும்பிப் போனால் அவர் இடத்தில் வேறு ஆள். மகப்பேறு லீவுக்குரிய 26 வாரச் சம்பளமும் இல்லை, ஏழு வருஷ வேலையும் இல்லை.

இதே தாளை வேறு வேறு கைகளில் பார்த்துவிட்டேன். அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: கர்ப்பமாக இருக்கும்போது நீட்டப்படும் எந்தத் தாளிலும், முக்கியமாக வெற்றுத் தாளில், கையெழுத்துப் போடாதீர்கள். லீவுக் கடிதம் நீங்களே எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து லீவு, பணத்தை யாரிடம் தர வேண்டும் என்று எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிரசவத்துக்கு முன்னால் எழுத முடியாமல் போயிருந்தாலும் உரிமை போகாது, பிறகு எழுதலாம்.

சட்டம் இவ்வளவுதான். 1961ல் வந்த மகப்பேறு சட்டம் 2017ல் 12 வார லீவை 26 வாரமாக்கியது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 26 வாரம் அப்படியேதான் இருக்கிறது. "புதுச் சட்டத்துல அதெல்லாம் கிடையாது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். தொழிற்சாலை, தோட்டம், 10 பேருக்குக் குறையாத கடை எல்லாவற்றுக்கும் பொருந்தும். மகப்பேறு லீவில் இருப்பவரை நீக்குவது சட்டப்படி குற்றம்.

பெரும்பாலோர் சிக்குவது 80 நாள் கணக்கில். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் அங்கே வேலை செய்திருக்க வேண்டும். செய்திருப்பார்கள், பதிவேட்டில் இருக்காது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. வருகை மேஸ்திரியின் நோட்டில் இருக்கும், எஸ்டேட் பதிவேட்டில் பெயரே இருக்காது. கேட்டால் "மேஸ்திரி ஆளு, எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். தினக்கூலிக்கும் மகப்பேறு சம்பளம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000லேயே சொல்லிவிட்டது. ஆனால் நாள் கணக்கை நிரூபிக்க வேண்டுமே! எத்தனை கிலோ பறித்தீர்கள், எவ்வளவு கூலி என்று தினமும் குறித்து வையுங்கள். கூலியை முடிந்தவரை வங்கிக் கணக்கில் கேளுங்கள். சம்பளத்தோடு கொடுத்த விடுமுறை நாட்களும் அந்த 80ல் சேரும்.

பணம் கணக்கிடும்போதும் ஒரு வெட்டு விழும். வாரத்துக்கு ஆறு நாள் என்று போட்டு 156 நாள் கூலி தருவார்கள். கோவைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 1977லேயே தீர்ப்பு வந்துவிட்டது, ஞாயிறும் சேர்த்து வாரத்துக்கு ஏழு நாள். அப்படியானால் 182 நாள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிற இடமானால் பணத்தை இ.எஸ்.ஐ. தரும், முதலாளி அல்ல. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தெரிவது வயிற்றுச் சுமையோடு கிளை அலுவலகத்தில் நிற்கும்போதுதான். மூன்றாம் மாதத்திலேயே உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கொடுத்து, கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். முதலாளிகளும் கவனியுங்கள்: ஒழுங்காகப் பதிந்து கட்டினால் 26 வாரச் சம்பளம் உங்கள் கல்லாவிலிருந்து போகாது. ஆளை மறைப்பவருக்குத்தான் அது முழுச் சுமை. இன்னொன்று, ஆள் எண்ணிக்கை ஒருமுறை 10 ஆகிவிட்டால் பிறகு 8 ஆகக் குறைந்தாலும் சட்டம் பொருந்தும். பதிவேட்டை இரண்டாகப் பிரிப்பதில் பலனில்லை.

"அரசாங்கம் 18,000 குடுக்குதே, அப்புறம் எதுக்குச் சம்பளம்?" என்றும் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவி வேறு, இது வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது.

அடுத்தது அலுவலக அலைச்சல். மில்லில் வேலை பார்த்தவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் "அது தொழிலகப் பாதுகாப்புத் துறை" என்பார்கள். அங்கே போனால் "ஆஃபீசர் இன்ஸ்பெக்‌ஷன் போயிருக்கார்." ஏற்காட்டிலிருந்து ஒருவர் கீழே இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, இதைச் சொல்லி அனுப்புகிறவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். எந்தத் துறை என்று கண்டுபிடித்து அனுப்புவது அவர்கள் வேலை. வக்கீல் வேண்டுமென்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே இலவசம், வருமானச் சான்று கேட்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றெரிச்சல் தருவது 60 நாள் கெடு. நீக்கிய உத்தரவு கைக்கு வந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் திரும்புகிற பெண்ணுக்கு அந்தக் கெடு எங்கே தெரியப்போகிறது? வீட்டு விலாசத்துக்கு வேலை இடத்திலிருந்து தபால் வந்தால் உடனே பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போங்கள். உறையையும் தூக்கி எறிய வேண்டாம், கிடைத்த தேதியைக் காட்ட அதுதான் இருக்கும்.