கிராஸ் எஜுகேஷன்: மறுகாலுக்குப் பாயும் வலு

தைப்பூசக் காவடிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் அக்காவுக்கு இடது கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். எங்கள் மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊர் மலைக்கோயில் படியை எப்படி ஏறுவது என்பதே அவள் கவலை. பிசியோ வந்தார், கனத்த ரப்பர் பட்டையை நல்ல காலால் மிதிக்கச் சொன்னார். "ஒடிஞ்சது இந்தக் கால், நீங்க அந்தக் காலை வாட்டுறீங்களே?" என்று அக்கா எங்கள் நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டாள். "கிராஸ் எஜுகேஷன்" என்றார். அதற்குத் தமிழ் என்ன என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் கோயிலில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். அன்று என்னிடம் விடை இல்லை.

ஒரு பக்கத்துக் கையையோ காலையோ மட்டும் பழக்கும்போது, பழக்காத மறுபக்கமும் ஓரளவு வலுப்பெறுகிறது. அதற்குத்தான் இந்தப் பெயர். 1894இல் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ஸ்கிரிப்சர் வழங்கியது. அவர் ஆய்வகத்தில் ஒரு பெண் வலக்கையால் மட்டும் ரப்பர் குமிழை அழுத்திவந்தார். வலக்கை வலு ஏறத்தாழ 70 விழுக்காடு கூடியது. சும்மா இருந்த இடக்கையும் 43 விழுக்காடு அளவுக்குக் கூடியது. பிற்கால ஆய்வுகளில் இவ்வளவு வரவில்லை. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கால்களில் சராசரி 16 விழுக்காடு.

மறுபக்கத் தசை பருப்பதில்லை. வலக்கால் கனத்தைத் தள்ளும்போது, அதை இயக்கும் மூளைப் பாதியோடு மற்றப் பாதியும் ஓரளவு விழித்துக்கொள்கிறது. தசையை ஏவும் திறன் அங்கும் கூடுகிறது. கற்பது நரம்பு என்பதால் 'எஜுகேஷன்' பொருத்தமான சொல்தான்.

தமிழில் 'குறுக்குக் கல்வி' என்றால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். 'குறுக்குப் பயிற்சி' என்றால், ஓட்டக்காரர் நீச்சலும் பழகுகிற கிராஸ் டிரெயினிங்கோடு குழம்பும். பொதுச்சொல்லாக நான் எடுத்துக்கொள்வது 'மறுபக்க வலுவேற்றம்'. கைக்கும் காலுக்கும் பொருந்தும்.

காலுக்கு மட்டும் என்றால் நம் மொழியில் ஓர் அழகான சொல் ஏற்கெனவே கிடக்கிறது. தென்தமிழ்நாட்டில் குளம் நிறைந்து மிகுநீர் வெளியேறும் வழிக்கு 'மறுகால்' என்று பெயர். 'குளம் மறுகால் பாயுது' என்பார்கள். அந்த நீர் அடுத்த குளத்துக்குப் போகும். வாய்க்காலில் உள்ள கால்தான் இது. முதல் குளம் வற்றிவிடுவதில்லை, நிறைந்தபடியே அடுத்ததற்கும் கொடுக்கிறது. நடக்கும் காலையும் நீரோடும் காலையும் ஒரே சொல்லில் வைத்த மொழிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கட்டுப் பிரித்தபோது அக்காவின் இடக்கால் மெலிந்துதான் இருந்தது. அதற்கும் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டது. அவள் இப்போது பக்கத்து வீட்டாருக்கும் சொல்கிறாள்: "வலக்காலை நல்லா மிதி. இடக்காலுக்கு மறுகால் பாயும்."