சிறு தொழிலுக்கு இணையதளம்: செலவு எங்கே பிறக்கிறது?

ஒரு சிறு தொழிலின் இணையதளத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. என்ன செய்கிறோம், எங்கே இருக்கிறோம், எந்த நேரத்தில் திறந்திருப்போம், எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரங்களும் சில புகைப்படங்களும் சேர்ந்தால் நான்கைந்து பக்கங்களில் வேலை முடிந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் அவற்றில் மாற்றமும் வராது. ஆனால் இதே நான்கைந்து பக்கங்களை அமைத்துத் தர ஒருவர் கேட்கும் தொகைக்கும் இன்னொருவர் கேட்கும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. அமைப்பவரின் கூலி இதற்கு ஒரு காரணம். வாடிக்கையாளர் கேட்கும் அந்த நொடியில் பக்கம் எப்படித் தயாராகிறது என்பது இன்னொரு காரணம். ஆண்டுக்கணக்கில் தொடரும் செலவைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவதுதான்.

கைபேசியில் ஒருவர் தளத்தின் பெயரைத் தட்டியதும் முதலில் நடப்பது ஒரு முகவரித் தேடல். கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. பெயர் மனிதர்களின் வசதிக்காக ஏற்பட்டது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதிவைக்கப்பட்டிருந்தன. அதை எல்லோரும் பிரதியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் முறை அந்தப் பட்டியலைப் பல கைகளில் பிரித்துக் கொடுத்தது. இன்று ஒரு டாட் காம் பெயரைத் தேடும்போது, முதலில் மூல சர்வர்களிடமும் (சர்வர் என்பது கேட்பவருக்கு விடை தரும் கணினி), அவை கைகாட்டும் டாட் காம் சர்வர்களிடமும், கடைசியாக அந்தக் குறிப்பிட்ட பெயருக்குப் பொறுப்பான சர்வரிடமும் கேள்வி போகிறது. கிடைத்த விடையை எத்தனை நொடிகளுக்கு நினைவில் வைத்திருக்கலாம் என்ற குறிப்பும் விடையோடு வருவதால், அடுத்த முறை இத்தனை படிகளையும் ஏற வேண்டியதில்லை.

இந்தச் சங்கிலியில் உங்கள் தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, சேர்த்துவைப்பதற்குத்தான் டொமைன் கட்டணம். அது விற்பனையன்று, குத்தகை. டாட் காம் போன்ற பெயர்களை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிவுசெய்ய முடியும். புதுப்பிக்க மறந்து, சலுகைக் காலமும் கடந்துவிட்டால் பெயர் மீண்டும் பொதுவுக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனவே, தளத்தை யார் அமைத்துக் கொடுத்தாலும், டொமைன் மட்டும் தொழிலின் உரிமையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். அமைத்தவர் தன் கணக்கிலேயே பெயரையும் பதிந்துவைத்து, பிறகு தொடர்பே இல்லாமல் போய்விட்டால், வீட்டைக் கட்டிய கொத்தனார் பட்டாவைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு போனதற்குச் சமம். சுயமாகத் தளம் அமைப்பவர் கட்டாயம் பணம் செலவழிக்க வேண்டிய இடம் என்று நான் கருதுவது இது ஒன்றைத்தான்.

எண் கிடைத்ததும் உலாவி அந்த சர்வரைத் தொடர்புகொள்கிறது. தொடக்க கால வலையில் உலாவி பக்கத்தின் பெயரை மட்டுமே கேட்கும், எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் தேவைப்பட்டது. அன்றைய எண்களோ 32 பிட் அளவிலானவை. மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். 1997இல் வெளியான எச்டிடிபி 1.1 என்ற விதித்தொகுப்பு, உலாவி ஒவ்வொரு கோரிக்கையிலும் தளத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இந்த ஒரு வரியால், ஒரே எண்ணில் ஒரே இயந்திரம் ஆயிரக்கணக்கான தளங்களைத் தாங்க முடிந்தது. அஞ்சல் உறையில் தெருவின் பெயரோடு வீட்டு எண்ணையும் எழுதத் தொடங்கியதைப் போன்றது இது. ஹோஸ்டிங், அதாவது தளத்துக்கு சர்வரில் இடம் தரும் சேவை, மலிவானதற்கு இந்தப் பங்கீடு ஒரு பெரிய காரணம்.

சர்வரிடம் கேள்வி வந்து சேர்ந்த பிறகு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியில், கேட்ட பக்கம் ஏற்கெனவே ஒரு கோப்பாக எழுதி வைக்கப்பட்டிருக்கும்; சர்வர் அதை எடுத்து அப்படியே அனுப்பிவிடும். 1991இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட முதல் தளம் இப்படித்தான் இயங்கியது. இரண்டாவது வழியில் பக்கம் என்று எதுவும் தயாராக இருக்காது. ஒவ்வொரு முறை யாராவது கேட்கும்போதும் ஒரு நிரல் இயங்கி, தரவுத்தளத்திடம் தலைப்பு எது, உள்ளடக்கம் எது, பக்கப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பல கேள்விகளைக் கேட்டு, கிடைத்த துண்டுகளைக் கோத்துப் பக்கத்தை அந்த இடத்திலேயே சமைத்துக் கொடுக்கும். 2003இல் தோன்றி, இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் பரவியிருக்கும் வேர்ட்பிரஸ் இந்த வகையைச் சேர்ந்தது.

நிரல் தெரியாதவரும் திரையில் தட்டச்சு செய்தே பக்கத்தை மாற்றலாம் என்பது இரண்டாவது வழியின் பெரும் வசதி. ஆனால் ஆண்டுக்கு மூன்று முறை மாறும் ஒரு பக்கத்தை, அதைப் பார்க்க வரும் ஒவ்வொருவருக்காகவும் புதிதாகத் தயாரிப்பது வீண் வேலை. அந்த வீண் வேலைக்கு மின்சாரமும் நினைவகமும் செலவாவது இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டபடியே இருக்கும், அவற்றை அடைக்கும் புதுப்பிப்புகளைத் தவறாமல் நிறுவ ஓர் ஆள் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று வசூலிக்கப்படுவதில் பெரும்பகுதி இதற்காகத்தான். முதல் வழியில் சர்வரில் உங்கள் நிரல் எதுவும் ஓடாததால், உடைத்து நுழைவதற்கான வாசலும் பெரும்பாலும் இல்லை. உள்நுழையும் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் காப்பாற்றினால் போதும்.

கோப்புகளை மட்டும் ஏந்தும் தளங்களுக்கான செலவு மிகச் சிறியது என்பதால் சில நிறுவனங்கள் அதை இலவசமாகவே தருகின்றன. இங்கே விதிகளைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது. அத்தகைய இலவசச் சேவைகளில் ஒன்றான கிட்ஹப் பேஜஸ் தன் சேவையை இணைய வணிகம் நடத்தும் இலவச இடமாகப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. வேறு சில சேவைகள் வணிகத் தளங்களையும் ஏற்கின்றன.

ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த, தளத்துக்கும் உலாவிக்கும் இடையிலான தகவலைப் பிறர் படிக்காமல் காக்க உதவும் குறியாக்கச் சான்றிதழும் இப்போது இலவசம். 2015 டிசம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட், தளம் உண்மையிலேயே உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை இயந்திரமே சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறையைப் பரவலாக்கியது. பெரும்பாலான ஹோஸ்டிங் சேவைகள் இதைத் தாமாகவே புதுப்பித்துவிடுகின்றன. இதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

சுயமாக அமைப்பவர்கள் அதிகம் சறுக்குவது புகைப்படங்களில்தான். கைபேசியில் எடுத்த ஒரு படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்று கணக்கிட்டால் 36 மெகாபைட். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மாறுதல்களை, குறிப்பாக வண்ணத்தின் மாறுதல்களை, விட்டுவிடுவதால் கோப்பு 3 மெகாபைட் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதை அப்படியே தளத்தில் ஏற்றினால், நொடிக்கு 4 மெகாபிட் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) வேகம் கிடைக்கும் கைபேசிக்கு அந்த ஒரு படம் வந்து சேரவே 6 நொடி ஆகும். படத்தை 1200க்கு 900 என்று குறைத்தால் புள்ளிகள் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும்; தரத்தைச் சற்றுக் குறைத்துச் சேமித்தால் கோப்பு 150 கிலோபைட்டுக்குள் அடங்கி, அரை நொடிக்கும் குறைவாக வந்துவிடும். கைபேசித் திரையில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

வேகத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும்; 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்பவே பத்தில் ஒரு நொடி தேவை. இணைப்பு தொடங்கும்போது வழியில் நெரிசல் இருக்கிறதா என்று சர்வருக்குத் தெரியாது. ஆகவே முதலில் தரவுத் துண்டுகளான பொட்டலங்களில் பத்தை, ஏறத்தாழ 14 கிலோபைட்டை, அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, பிறகே சுற்றுக்குச் சுற்று அளவை இரட்டிப்பாக்குகிறது. பக்கத்தின் எழுத்துப் பகுதி அந்த முதல் 14 கிலோபைட்டுக்குள் அடங்கினால், ஒரே சுற்றில் வாசகர் படிக்கத் தொடங்கிவிடலாம்.

தமிழ்ப் பக்கமும் அதில் அடங்குமா என்ற ஐயம் நியாயமானதே. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யுடிஎப் 8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் உயிர்மெய்யின் ஒவ்வொரு உறுப்புக்கும் 3 பைட் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து உறுப்புகளாகி 15 பைட் பிடிக்கிறது. ஆனால் அந்த மூன்று பைட்டுகளில் முதலாவது எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே மதிப்புகளில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் ஜிசிப் போன்ற சுருக்க முறைகளின் வேலை என்பதால், சர்வர் அனுப்பும்போது இந்தச் சுமையில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

பக்கத்தை எழுதுவது எச்டிஎம்எல் மொழியில். இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று குறியிட்டுச் சொல்வதற்கு மேல் அதில் பெரிய வித்தை இல்லை. எளிய உரைத் திருத்தியே போதும், தோற்றத்துக்கு ஆயத்த வார்ப்புருக்கள் ஏராளம். பக்கத்தின் அகலத்தைத் திரைக்கேற்ப வைத்துக்கொள் என்று உலாவிக்குச் சொல்லும் ஒற்றை வரியை மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் கைபேசியில் எழுத்துகள் எறும்பு சைஸில் தெரியும். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அழகான படமாக்கி வைப்பதும் தவறு. எழுத்தாக இருந்தால்தான் தேடுபொறி அதை ஐயமின்றிப் படிக்கும். எண்ணை இணைப்பாக்கிவிட்டால் வாடிக்கையாளர் தொட்டதுமே அழைக்கலாம்.

கோப்புத் தளத்தால் முடியாததும் உண்டு. வாடிக்கையாளர் நிரப்பும் படிவத்தைப் பெற்று வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. விசாரணைகளுக்கு அழைப்பும் மின்னஞ்சலும் வாட்ஸ்அப் இணைப்பும் போதுமானவை; தவறினால் படிவத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளும் வெளிச் சேவையை இணைக்கலாம். இருப்பு, விலை, பணம் செலுத்துதல் என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வேலை வந்துவிட்டால், இரண்டாவது வழியின் செலவைத் தவிர்க்க முடியாது.

அதுவரை முழுத் தளமும் உங்கள் கணினியிலுள்ள ஒரு கோப்புறைதான். ஹோஸ்டிங் நிறுவனம் சேவையை நிறுத்தினாலும், கட்டணத்தை ஏற்றினாலும், அந்தக் கோப்புறையை வேறோர் இடத்தில் ஏற்றிவிட்டு, டொமைனின் டிஎன்எஸ் பதிவில் பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண்ணை எழுதினால் குடிபெயர்வு முடிந்துவிடும். முந்தைய நாளே அந்தப் பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் காலத்தை ஒரு நாளிலிருந்து 300 நொடியாகக் குறைத்து, பழைய இடத்தையும் இரண்டு மூன்று நாள் இயங்கவிட்டால், தளம் இடம் மாறியது வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது.