‘சைக்கிள் லேன்’: ஒழுங்கையா, நிரையா?

நகர அபிவிருத்தித் திட்டங்களின் தமிழ்ப் பிரதிகளில் ‘துவிச்சக்கரவண்டி ஒழுங்கை’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சைக்கிள் லேனுக்கு வைத்த பெயராம். வாசிக்கிறவருக்கு என்ன விளங்கும்? கொழும்பு விலாசங்களில் ‘3ஆம் ஒழுங்கை’ என்று வருமே, அந்த மாதிரி வீடுகளுக்கிடையில் புகுந்து போகும் ஒரு சின்னத் தெருவைச் சைக்கிளுக்கு ஒதுக்கப் போகிறார்கள் என்றுதான் விளங்கும். சொல்ல வந்த விஷயமோ வேறு. இருக்கிற பிரதான வீதியிலேயே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இடப்பக்கத்தைச் சைக்கிளுக்கு விடுவது.

ஆங்கிலத்தில் லேன் என்பது முதலில் வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய வழி. பிறகு கப்பல் போகும் கடல்வழிக்கும், ஓட்டப் பந்தய மைதானத்தில் கோடுகளுக்கு இடைப்பட்ட இடத்துக்கும், கடைசியில் மோட்டார் வீதியின் ஒரு பிரிவுக்கும் அந்தப் பெயர் போனது. தமிழில் ஒழுங்கை ‘ஒழுங்கு’ என்ற அடியிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் இரு பக்கமும் வேலி நிற்க நடுவே போகிற வழி. ஆங்கிலச் சொல்லின் முதல் பொருளுக்கு அச்சொட்டான தமிழ். கடைசிப் பொருளுக்குப் பொருந்தவே பொருந்தாது. அகராதியில் முதலாவதாக இருந்ததை எடுத்து ஒட்டியதன் பலன் இது.

சிங்களத்தில் இந்தக் குழப்பம் இல்லை. விலாசத்தில் வருகிற லேன் ‘பட்டுமக’. வீதியில் கோடு போட்டுப் பிரிக்கிற லேன் ‘மங்தீருவ’. தீருவ என்றால் பட்டி, கீற்று. கொழும்பில் 2020இல் பஸ்ஸையும் முச்சக்கரவண்டியையும் மோட்டார் சைக்கிளையும் இடப்பக்கத்தில் ஓடச் சொன்ன விதிக்குச் சிங்களத்தில் மங்தீரு நீதிய என்று பெயர். யாரும் அதைப் பட்டுமக என்று சொல்லவில்லை. தமிழிலோ ‘ஒழுங்கைச் சட்டம்’, ‘ஒழுங்குச் சட்டம்’, ‘மருங்குச் சட்டம்’ என்று நாளுக்கொரு பெயர். பக்கத்தில் சிங்களப் பிரதி இருக்க, ஆங்கிலத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிற பழக்கம் எப்போது போகுமோ.

இது வெறும் சொல் சண்டை இல்லை. ஒழுங்கை என்றதும் காணி எடுப்பார்கள், மதில் உடைப்பார்கள் என்று சனம் பயப்படும். மலைநாட்டு வீதியில் ஒரு பக்கம் வெட்டிய மலையும் தாங்குசுவரும், மறு பக்கம் பள்ளம். ஒழுங்கை போட இடம் ஏது? ஆகவே ‘இங்கே சரிவராது’ என்று கோவையை மூடிவிடலாம். கோடுதான் கேட்கிறோம் என்றால் கணக்கு வேறு. வீதி 7 மீற்றர் அகலம் என்றால், வாகனத்துக்கு இரு பக்கமும் 2.75 மீற்றர் விட்டால் மிச்சம் 1.5 மீற்றர். ஒரு சைக்கிளுக்குக் குறைந்த அளவு அதுதான். 2 மீற்றர் இருந்தால் நல்லது. வீதி 6 மீற்றர்தான் என்றால் மிஞ்சுவது அரை மீற்றர். அங்கே கோடு போடுவது ஏமாற்று வேலை. அந்த 1.5 மீற்றரிலும் கானை எண்ணக்கூடாது. கானுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருந்தால், கம்பிகள் போக்கு திசைக்குக் குறுக்கே இருக்கவேண்டும்; நெடுக்கே இருந்தால் சைக்கிள் டயர் நேரே உள்ளே இறங்கும்.

ஒழுங்கைக்குப் போட்டியாக வந்தவற்றையும் பார்த்துவிடலாம். ‘தடம்’ தமிழ்நாட்டு வழக்கு. நல்ல சொல்தான், ஆனால் அங்கேயே பஸ் தடம் என்றால் பஸ் போகிற மார்க்கம். ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்குப் போவதும் தடம், அந்த வீதியின் இடது ஓரப் பட்டியும் தடம் என்றால் திட்ட வரைபடத்தை யாராலும் வாசிக்க முடியாது. ‘வழித்தடம்’ இன்னும் மோசம். ‘மருங்கு’ என்றால் பக்கம். வீதி மருங்கில் மரம் நட்டார்கள் என்கிறோம், அந்த மரம் வீதிக்கு வெளியேதான் நிற்கிறது. ‘ஓடுபாதை’யை விமான நிலையத்துக்கே விட்டுவிடுவோம்.

நம்மிடம் ‘நிரை’ இருக்கிறது. ஆநிரை, நிரையசை என்று பழைய இலக்கியத்தில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. தோட்டத்தில் இன்றும் வாயில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். மலையில் கங்காணி கொழுந்தெடுக்கிறவர்களுக்கு நிரை பிரித்துக் கொடுப்பார். நிரைக்கும் நிரைக்கும் இடையில் வேலி கிடையாது, மதில் கிடையாது. இருந்தாலும் இது என் நிரை, அது உன் நிரை. அடுத்த நிரையில் கை வைத்தால் சண்டை வரும். அவசரத்துக்குத் தாண்டிப் போகலாம், நின்று கொழுந்தெடுக்கக்கூடாது. வீதியில் லேன் என்பதும் இதேதான்: திறந்த வெளி, ஒத்துக்கொண்ட எல்லை, தேவைக்குத் தாண்டலாம், குடியிருக்கக்கூடாது. கோட்டுக்கு உள்ளே முச்சக்கரவண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் ஆக்குகிறவருக்கு ஒழுங்கை என்று சொல்லி விளங்கவைக்க முடியாது. ‘அடுத்தவன் நிரையில் நிற்கிறாய்’ என்றால் விளங்கும்.

கணிதப் பாடத்தில் கிடையாக வருவது நிரை, நிலைக்குத்தாக வருவது நிரல், லேன் நீளவாக்கில் போவதால் நிரல்தானே என்று கேட்பார்கள். அட்டவணையைத் திருப்பிப் பிடித்தால் அதுவும் மாறும். வீதிக்கு மேல் கீழ் கிடையாது.

ஒரு கலைச்சொல் நின்று பிடிக்குமா என்பதை அதிலிருந்து கிளை வருகிறதா என்று பார்த்துச் சொல்லலாம். சியாட்டில் போன்ற மேடுபள்ள நகரங்களில் ஏற்றப் பக்கத்துக்கு மட்டும் சைக்கிள் லேன் போட்டு, இறக்கத்தில் வாகனத்தோடு சேர்ந்து ஓடச் சொல்லி வீதியில் ஒரு சின்னம் வரைகிறார்கள். முதலாவது ‘ஏறுநிரை’, இரண்டாவது ‘பகிர்நிரை’. ஒழுங்கையை வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

நமக்குத் தேவையானதும் இந்த இரண்டும்தான். பிரித்தானியாவின் 2020ஆம் ஆண்டு சைக்கிள் வடிவமைப்பு வழிகாட்டி 2 சதவீத ஏற்றம் 150 மீற்றருக்கு மேல் தொடரக்கூடாது, 5 சதவீதம் என்றால் 30 மீற்றர் போதும் என்கிறது. றம்பொடை ஏற்றத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த அளவை எட்ட முடியாவிட்டாலும் காரணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆளும் சைக்கிளும் 85 கிலோ, ஏற்றம் 7 சதவீதம் என்றால், மணிக்கு 10 கிலோமீற்றரில் ஏறவே கிட்டத்தட்ட 160 வாட் வேண்டும். சாதாரண ஆளின் வேகம் மணிக்கு 5, 6 கிலோமீற்றருக்குக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் சைக்கிள் நேரே போகாது, தள்ளாடும். பின்னால் பஸ். ஆகவே அகலம் வேண்டியது ஏறுகிறவருக்கு. இறங்குகிறவர் 40 கிலோமீற்றரில் வருவார். அவரைக் கானோரம் 1.5 மீற்றருக்குள் அடைத்தால் கல்லும் சேறும் பாசியும் அவரைக் கவிழ்க்கும், நடு வீதியே அவருக்குப் பத்திரம். ஏறுநிரையையும் இடப்பக்கம் திரும்பும் வளைவுக்கு முன்பே முடித்துப் பகிர்நிரையாக்கவேண்டும், ஏனென்றால் அங்கேதான் பஸ்ஸின் பின்சில்லு உள்ளே வெட்டும். இந்தத் தொல்லை எதுவும் இல்லாத இடம் நுவரெலியாவில் 1873இல் கட்டிய கிரகரி வாவியைச் சுற்றிய சமதரை. கோடு போடத் தொடங்குவதென்றால் அங்கே தொடங்கலாம்.

சொல்லின் முன்பாதியும் சரியில்லை. துவிச்சக்கரவண்டி சமஸ்கிருதம் என்பதை விடுங்கள். இரண்டு சில்லு வண்டி என்றால் மோட்டார் சைக்கிளுக்கும் இரண்டு சில்லுதான். தூய தமிழ் ‘ஈருருளி’க்கும் அதே குறை. ‘பைக் லேன்’ என்று எழுதினாலோ சந்தேகமே இல்லை, நம்மூரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். மிதிப்பதைச் சொல்கிற ‘மிதிவண்டி’தான் துல்லியம். சட்டத்திலும் வர்த்தமானியிலும் மிதிவண்டி நிரை, வாயில் சைக்கிள் நிரை. கல்வரிசையோ தூணோ வைத்துப் பிரித்துவிட்டால் அது நிரை இல்லை, சைக்கிள் பாதை. கிழக்கில் பாதை என்றால் ஆறு கடக்கும் மிதவையும்தான், ஆனால் அதில் ஒருவரும் குழம்பமாட்டார்கள்.

கடைசியாகத் தரையில் எழுதுகிற விஷயம். ‘துவிச்சக்கரவண்டி ஒழுங்கை’ 14 எழுத்து. 1.5 மீற்றர் அகலத்துக்குள் எழுதினால் எழுத்தொன்றுக்குப் பத்துச் சென்றிமீற்றர். பஸ்ஸில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல வரியாக உடைத்துப் பெரிதாக எழுதினால், உருக்கி ஊற்றும் வெள்ளைப் பூச்சு அவ்வளவு தூரத்துக்கு. தூறலிலும் மிஸ்ட்டிலும் அது வழுக்கும், கரடுமுரடு மணல் தூவாவிட்டால் இன்னும் மோசம். ஒரு சைக்கிள் படமும் ‘நிரை’ என்ற இரண்டு எழுத்தும் வரைந்தால் போதும்.