'தாயகம் திரும்பியோர்': யார் திரும்பினார்கள்?

போன வாரம் கோத்தகிரியில் ஒரு கூட்டம். மேடையேறியவர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களான எங்களைப் பார்த்து "தாயகம் திரும்பிய சொந்தங்களே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எத்தனை வருடமாக இந்தச் சொல்லைக் கேட்பது?

'ரிபேட்ரியேட்' என்பதற்கு அரசு ஏடுகளில் நிலைத்துவிட்ட தமிழ் இது. லத்தீனில் 'பாட்ரியா' தந்தை நாடு, 'ரி' மறுபடி. தந்தை நாட்டைத் தாயகம் ஆக்கியது சரி, நம் வழக்கு அதுதான். தவறு 'திரும்பியோர்' என்பதில் இருக்கிறது.

போன இடத்திலிருந்து வந்தால்தான் திரும்புவது. என் அப்பா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். தாத்தா பிறந்ததும் அங்கேதான். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கப்பலேறியது தாத்தாவின் அப்பா. இந்த மண்ணை மிதித்தே இராத அப்பா எப்படித் திரும்பியிருப்பார்?

அப்புறம், 'திரும்பு' தன்வினை. தானாகவே வந்தார் என்றாகிறது. நடந்ததோ வேறு. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் மக்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இப்படித் தலை எண்ணிப் பிரித்ததற்குத் தன்வினை பொருந்தாது. சரி, பிறவினையாக்கி 'திருப்பி அனுப்பப்பட்டோர்' என்போமா? அதிலும் 'திருப்பி' வந்துவிடுகிறது. 'குடிபெயர்க்கப்பட்டோர்' என்பதே நேரான சொல். பெயர்ந்தவர் யார், பெயர்த்தவர் உண்டா என்ற இரண்டும் அதில் தெரிகிறது. காதுக்கு இதமான சொல்லைத் தேடும் மொழிபெயர்ப்பாளர்கள் வினையைக் கவனிப்பதே இல்லை. சிலர் 'அகதிகள்' என்றே எழுதுகிறார்கள். அகதி என்றால் கதியற்றவர். எங்கள் பெரியவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள். 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், இன்றைய டேன்டீ, அவர்களுக்காகவே வந்தது. கூடலூர், சேரம்பாடிப் பக்கம் காட்டைத் தேயிலையாக்கியது அவர்கள் கை.

குடிபெயர்க்கப்பட்டது ஒரு நிகழ்ச்சி. மக்களுக்குப் பெயர் 'மலையகத் தமிழர்', தாங்களே வைத்துக்கொண்ட பெயர். இலங்கைக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதினார்கள், இங்கே வந்தால் 'சிலோன்காரங்க' என்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில் "எந்த ஊர்?" என்பார்கள். கோத்தகிரி என்றால், "அது இல்லைங்க, சொந்த ஊர்?" என்று அடுத்த கேள்வி வரும். இதே நீலகிரியில் வாழும் படகர் என்ற சொல்லுக்கே வடக்கிலிருந்து வந்தவர் என்றுதான் பொருள். அவர்களிடம் "வடக்கே எந்த ஊர்?" என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அவர்கள் தங்கள் ஹட்டியின், அதாவது கிராமத்தின், பெயரைச் சொன்னால் போதும். என் மகள் பிறந்தது கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில். அவளையும் சேர்த்துத்தான் அன்று மேடையிலிருந்து 'திரும்பிய சொந்தங்களே' என்றார்கள்.