புரோபயாடிக்: நலநுண்ணுயிரி

தொண்டை அழற்சிக்கு ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து விழுங்கும் கேப்சூல், வாயில் போட்டுச் சப்பும் மாத்திரை என்று இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் புரோபயாடிக். 'புரோ' லத்தீன், 'சார்பாக' என்று பொருள். 'பயாஸ்' கிரேக்கம், வாழ்வு. ஆன்டிபயாடிக்குக்கு மறுதலையாக வார்க்கப்பட்ட கலப்புச் சொல்.

1965-இல் லில்லி, ஸ்டில்வெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 'சயன்ஸ்' இதழில் இதைப் பயன்படுத்தியபோது பொருள் வேறு: ஒரு நுண்ணுயிரி சுரந்து இன்னொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள். அதாவது சுரப்பு, உயிரி அல்ல. பிறகு கால்நடைத் தீவனத் துறைக்குள் போய், உயிரியையே குறிக்கத் தொடங்கியது. 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் வகுத்த வரையறைதான் இன்றும் அடிப்படை: போதிய அளவில் கொடுக்கும்போது உடலுக்கு நன்மை தரும், உயிருள்ள நுண்ணுயிரிகள்.

தமிழில் 'நல்ல பாக்டீரியா' என்று எழுதிவிடுகிறோம். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட்டும் புரோபயாடிக்தானே, அதை எங்கே வைப்பது? 'நுண்ணுயிர் ஊக்கி' என்றால் ப்ரீபயாடிக்கோடு குழம்பும். ப்ரீபயாடிக் என்பது உடலுக்குள் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிரிக்குத் தீனி போடுவது. 'நலநுண்ணுயிரி' என்பதே என் தேர்வு. 'நலம்' என்ற முன்னொட்டுக்கு ஆதாரம் கேட்கலாம் என்பது கூடுதல் வசதி.

தொண்டை விஷயத்தில் அந்த ஆதாரம் கேட்கத்தான் வேண்டும். நியூசிலாந்தில் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவேரியஸ் கே12 என்ற பாக்டீரியா, வாயில் இயல்பாக வாழும் இனத்தைச் சேர்ந்தது. அது சுரக்கும் சாலிவாரிசின் என்ற பொருள், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவை ஆய்வகத் தட்டில் அடக்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரியவர்களின் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அங்கே இந்தச் சண்டைக்கே இடமில்லை. கடுமையான டான்சில் அழற்சியோடு மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களுக்கு, ஆன்டிபயாடிக்கோடு கே12-ஐத் துணை சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியாக்கள் கலந்த கேப்சூலை இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்விலும் வலி குறையவில்லை.

ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் சில நலநுண்ணுயிரிகளுக்கு நல்ல சான்று உண்டு. அதைத் தொண்டைக்கும் நீட்டிக்கொள்ள முடியாது. ஒரே இனத்துக்குள் இருக்கும் உட்பிரிவைத் திரிபு (ஸ்ட்ரெய்ன்) என்பார்கள். பலன் திரிபுக்குத் திரிபு மாறும்; 'கே12' என்ற ஒட்டு குறிப்பது அந்தத் திரிபைத்தான். பெட்டியில் இனத்தின் பெயர் மட்டும் இருந்து திரிபின் பெயர் இல்லையென்றால், எந்த ஆய்வை நம்பி அதை விற்கிறார்கள் என்று பார்க்கவே வழியில்லை. நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உயிருள்ளது ரத்தத்திலும் பரவலாம்.